குச்சி நடுவில் இருந்தது

ட்ரோனின் நான்காவது மோட்டார் மட்டும் திக்கியது. ரிமோட்டின் இடது குச்சியைக் கொஞ்சம் மேலே தள்ளியதும் மற்ற மூன்றும் சமத்தாகச் சுற்ற ஆரம்பிக்க, இது மட்டும் ஒரு தரம் துடித்து, நின்று, மறுபடி துடித்து, அப்புறம்தான் வேண்டாவெறுப்பாக வந்து சேர்ந்துகொண்டது. மருதாசலத்துக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாகக்கூட இருந்தது. கோளாறு என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் போதும், மனுஷனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். தனியார் பாலிடெக்னிக்கில் இருபத்தாறு வருஷம் லேப் இன்ஸ்ட்ரக்டராகக் குப்பை கொட்டியதில் அவர் கற்றுக்கொண்ட ஒரே பாடம், கோளாறுக்கு ஒரு காரணம் உண்டு, காரணத்துக்கு ஓர் ஆள் உண்டு என்பதுதான். அந்த ஆள் எப்போதும் வேறு யாராவதாக இருப்பான் என்பது அவர் வாய்விட்டுச் சொல்லாத பின்பாதி. காலை ஒன்பது மணியிலிருந்து கரண்ட் இல்லை, மாதாந்திரப் பராமரிப்பு, இனி நாலு மணிக்கு மேல்தான் வரும். மின்விசிறி நின்ற அறையில் பனியன் முதுகோடு ஒட்டிக்கிடந்தது. சால்டரிங் வைக்க வழியில்லை, அதனால் மோட்டாருக்குப் போகும் மூன்று ஒயர்களில் எது லூசாக இருக்கிறது என்று விரலால் அழுத்தி அழுத்திப் பார்ப்பதுதான் இப்போதைக்கு வேலை. றெக்கைகளை முதலிலேயே கழற்றித் தனியாக வைத்துவிட்டார். மேஜைமேல் வைத்துச் சோதிக்கும்போது றெக்கை இருக்கக் கூடாது, அது விதி. விதி விஷயத்தில் மருதாசலத்தை யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. அடுப்படியில் மனைவி வசந்தாமணி அரிசிம்பருப்புச் சோற்றுக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள், வாசம் அறைக்குள் வந்தது. பன்னிரண்டரைக்குத் தங்கை கோகிலவாணியும் அவள் வீட்டுக்காரர் சென்னியப்பனும் சாப்பிட வருகிறார்கள். போன வாரம் சென்னியப்பன்தான் போனில் கேட்டார், பரண்மேல் கிடக்கிற அந்த ட்ரோனை இறக்கிச் சரி பண்ணி வையுங்கள் மச்சான், ஒரே ஒரு தடவை மறுபடி ஓட்டிப் பார்த்துவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தப் பயம் என்னைவிட்டுப் போகாது என்று. மச்சான் சரியென்றார். வேறென்ன சொல்வது. எட்டு மாதத்துக்கு முன் சென்னியப்பனின் வலது கையைப் பதம் பார்த்தது இதே ட்ரோன்தான்.

ஒயரை அழுத்தினார், மோட்டார் சுற்றியது. விட்டார், திக்கியது. ஆக இந்த ஒயர்தான், சரி, நாலு மணிக்கு மேல் பற்றவைத்துக்கொள்ளலாம், ஆனால் கை வேலையை விட்டுவிட்டால் மனசு வேறு எங்காவது போய் உட்கார்ந்துகொள்கிறது, அதனால் மறுபடி அழுத்தினார். காரமடை ரோட்டில் ஒரு லே-அவுட், வாசலில் பெரிய வளைவு, உள்ளே மஞ்சள் கல்லும் முள்ளுச்செடியும், பேருக்கு ஒரு வீடு கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி வீட்டில் செய்த விமானங்களையும் ட்ரோன்களையும் அங்கே பறக்கவிடுவார்கள், கிளப் என்று பெயர் வைத்துக்கொண்டு. சென்னியப்பனை அங்கே கூட்டிப்போனதே இவர்தான். அவருக்கு பம்ப் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றுகிற வேலை, பத்தொன்பது வருஷம் ஒரே பட்டறை. எத்தனை சுற்று இறங்கியிருக்கிறது என்று எண்ணவே மாட்டார், விரல் சொல்லிவிடும். மேஜைமேல் கிடக்கும் இந்த நாலு மோட்டாரில் கருகிப்போன இரண்டை அவர்தான் தலைமுடி கனக் கம்பியில் திருப்பிச் சுற்றிக்கொடுத்தார். திக்குகிற மோட்டார் அவர் சுற்றியது இல்லை, அவர் சுற்றியது இரண்டும் ஒழுங்காக ஓடுகிறது, அதைக் கவனித்ததும் மருதாசலத்துக்கு ஏனோ எரிச்சல் வந்தது. அன்றைக்குத்தான் அவர் முதல்முறை தனியாக ஓட்டினார். நன்றாகத்தான் ஓட்டினார். பூப்போல இறக்கிவிட்டு, சிரித்த முகமாக நடந்துபோய், கிட்டே போனதும் ரிமோட்டை அணைத்துவிட்டு, உடனே பேட்டரியைப் பிடுங்கக் குனிந்தார். நாலு றெக்கையும் ஒரே நேரத்தில் உறுமிக்கொண்டு கிளம்பின. ஆள்காட்டி விரலின் முதல் கணு போயிற்று. நடுவிரலில் நரம்பு அறுந்து இன்றுவரை மடங்குவதில்லை. துண்டை எடுத்துக் கையைச் சுற்றும்போது மருதாசலம் கேட்டது ஒரே கேள்விதான்.

"ரிமோட்ட ஆஃப் பண்ணிட்டா போனீங்க மாப்ள?"

"ஆமாங்க மச்சான்."

அவ்வளவுதான், விசாரணையும் முடிந்தது, தீர்ப்பும் ஆயிற்று. ரிமோட்டை முதலில் போட வேண்டும், கடைசியில் அணைக்க வேண்டும், நடுவில் ட்ரோனின் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். கிளப்பில் சேர்ந்த முதல் நாளே எல்லாருக்கும் சொல்லிக்கொடுப்பது இது. சென்னியப்பனும் ஒரு நாளும் மறுத்துப் பேசவில்லை, நான்தான் மறந்துவிட்டேன், டிவியை அணைக்கிற மாதிரி அணைத்துவிட்டேன் என்று ஆஸ்பத்திரியில் பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் அவரே சொன்னார். கோகிலவாணி அதைப் பிடித்துக்கொண்டாள். சாப்பிடும்போது சோறு சிந்தினால், சட்டைப் பட்டன் போட நேரமானால், எங்கண்ணன் ஆயிரம் தடவை சொல்லியும் கேட்காத கைதானே அது என்பாள், அதுவும் மருதாசலத்தின் எதிரிலேயே சொல்வாள், அவருக்குப் பெருமை சேர்க்கிற மாதிரி. பட்டறை முதலாளி மருதாசலத்துக்கும் பழக்கம், போன் பண்ணி என்ன ஏது என்று கேட்டார். சொன்னபடி செய்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காதுங்க என்று இவர் உள்ளதைச் சொன்னார். விரல் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், சொன்னதைக் கேட்காத ஆளைக் காயிலில் எப்படி உட்காரவைப்பது என்று முதலாளி முடிவு பண்ணிவிட்டார். இப்போது சென்னியப்பன் ஸ்டோரில் உட்கார்ந்து கம்பிச் சுருளை எடைபோட்டுக் கொடுக்கிறார், அவருடைய மேஜையில் வேறொருவர் சுற்றுகிறார், சரியாகச் சுற்றுவதில்லை என்று ஒருமுறை சொன்னார், அதையும் குற்றமாகச் சொல்லவில்லை. கிளப்பில் மருதாசலம் அந்த விதியை ஒரு அட்டையில் எழுதி லேமினேட் பண்ணி வாசல் வளைவில் கட்டித் தொங்கவிட்டார். அதோடு நிற்கவில்லை, முக்கால் மணி நேரம் பாதுகாப்பைப் பற்றிப் பேசவும் செய்தார். பேர் சொல்ல மாட்டேன், நம்மில் ஒருத்தர் என்று ஆரம்பித்தார். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள், பேச்சு அவ்வளவு எடுபட்டது.

ரிமோட் கீச்சென்றது. செல் தீர்ந்துகொண்டிருக்கிறது, எட்டு மாதமாகப் பரணில் கிடந்தது பின்னே என்ன செய்யும். மறுபடி கீச்சென்றது. பறக்கவா விடப்போகிறோம், மேஜைமேல்தானே என்று விட்டுவிட்டார். குச்சியை நன்றாகக் கீழே இறக்கி, மோட்டார்கள் நின்றதைப் பார்த்துவிட்டு, ரிமோட்டை மேஜை ஓரத்தில் வைத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டார். கீச்சென்ற சத்தம் நின்றுபோயிற்று, ரிமோட்டின் விளக்கும் அணைந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணுகிற நேரம்கூட இருக்காது. நாலு மோட்டாரும் ஒரே நேரத்தில் கிளம்பின. திக்குகிற மோட்டார்கூடத் திக்காமல் கிளம்பியது. றெக்கையில்லாத மோட்டாரின் சத்தம் பெரிய கொசுவின் சத்தம், காதுக்குள் போய்க் குடைந்தது. மேஜையில் கிடந்த ஸ்க்ரூக்கள் அதிர்ந்து உருண்டன. ரிமோட்டை யாரும் அணைக்கவில்லை, குச்சி கீழேதான் இருந்தது, யாரும் எதையும் தொடவில்லை. மருதாசலம் பேட்டரியைப் பிடுங்கக் கையை நீட்டி, சட்டென்று இழுத்துக்கொண்டார். றெக்கை இல்லை என்று தெரியும். தெரிந்தும் கை போகவில்லை. சென்னியப்பன் போனில் சொன்ன பயம் இதுதான் போல. மறுபடி நீட்டிப் பிடுங்கினார். அறை அமைதியானது, அடுப்படியிலிருந்து என்னங்க சத்தம் என்று வசந்தாமணி கேட்டாள், ஒன்றுமில்லை என்றார்.

ஒன்றுமில்லை, ரிமோட் சாகும்போது கண்டதையும் அனுப்பியிருக்கும். செல் தீரும் நேரத்தில் அப்படி ஆவதுண்டு. ஆவதுண்டா? ஆவதாக யாரோ சொல்லிக் கேட்டதுண்டு. டிராயரில் வேறு எட்டு செல் கிடந்தது, ஒவ்வொன்றாகப் போட்டார், ஐந்தாவதைத் தலைகீழாகப் போட்டுவிட்டு எடுத்து மாற்றினார், கட்டைவிரலில் வேர்வை வழுக்கியது. ஒருமுறை நடந்தால் அது கோளாறு இல்லை, தற்செயல், திரும்ப நடந்தால்தான் கோளாறு என்று மாணவர்களுக்குச் சொல்வார். திரும்ப நடக்கக் கூடாது என்று ஒரு கோளாறைப் பார்த்து அவர் வேண்டிக்கொண்டது இதுதான் முதல்முறை. ரிமோட்டைப் போட்டார், பேட்டரியை மாட்டினார், குச்சியை மேலேற்றி இறக்கினார், எல்லாம் நின்றது. ரிமோட்டை அணைத்தார். ஒன்று. இரண்டு. கிளம்பின. பிடுங்கினார். மறுபடி மாட்டினார், மறுபடி அணைத்தார், மறுபடி கிளம்பின, சரியாகப் பாதி வேகத்தில், ஒரு இழை கூடாமல் குறையாமல். மூன்றாவது முறை செய்ய வேண்டியதில்லை, ஆனாலும் செய்தார், நாலாவதும் செய்தார். அதற்குள் பதில் தெரிந்துவிட்டது. பதில் முதல் தடவையே தெரிந்துவிட்டது, செல் மாற்றியதெல்லாம் நேரம் கடத்தத்தான்.

ட்ரோனுக்குள் தீப்பெட்டி அளவில் ரிசீவர் ஒன்று இருக்கிறது. ரிமோட் சொல்வதைக் கேட்டு மோட்டார்களை ஓட்டச்சொல்வது அதுதான். ரிமோட்டின் பேச்சு அறுந்துபோனால் என்ன செய்ய வேண்டும் என்று அதற்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும், இந்த ரகத்தில் அதைச் சொல்லிவைக்கிற விதம் ஒன்றே ஒன்றுதான். புது ரிசீவரை ரிமோட்டோடு ஜோடி சேர்க்கும்போது, பைண்டு பண்ணுவது என்பார்கள், அந்த நேரத்தில் குச்சி எங்கே இருக்கிறதோ அதையே ரிசீவர் மனப்பாடம் பண்ணிக்கொள்ளும். குச்சி அடியில் இருந்தால், பேச்சு அறுந்ததும் மோட்டாரை நிறுத்திவிடும். அப்போது ரிமோட்டை முதலில் அணைத்தாலும் சரி, கடைசியில் அணைத்தாலும் சரி, யாருக்கும் ஒன்றும் ஆகாது, மறதிக்காரனுக்கும் விரல் பத்திரம். குச்சி நடுவில் இருந்தால் பாதி வேகத்தில் ஓட்டும். பைண்டு பண்ணியது யார்? அன்று காலை பையைத் திறந்தபோது பழைய ரிசீவரின் ஆண்டெனா ஒடிந்திருந்தது, இவரிடம் புதிதாக ஒன்று இருந்தது, அந்த லே-அவுட்டிலேயே ஸ்கூட்டர் சீட்டில் வைத்து மாற்றினார். எல்லாம் நினைவுக்கு வந்தது. ரிமோட் கழுத்தில் தொங்கியது. வலது கையால் ரிசீவரின் பைண்டு பட்டனை அழுத்திக்கொண்டிருந்தார், இடது கட்டைவிரல் குச்சிமேல் இருந்தது. பாடம் நடத்தும்போது அந்தக் குச்சியை ஏற்றி இறக்கிப் பேசுவது அவர் பழக்கம், கையில் சாக்பீஸ் இருப்பவன் அதை ஆட்டிப் பேசுவதுபோல. அப்போது அவர் பாடம்தான் நடத்திக்கொண்டிருந்தார். சென்னியப்பன் எதிரே நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார். இந்தத் தொழில்ல அஜாக்கிரதை மட்டும் கூடாதுங்க மாப்ள, ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை பாக்கோணும் என்று சொன்னபோது ரிசீவரின் விளக்கு மினுக்குவதை நிறுத்தியது, இவர் பட்டனிலிருந்து கையை எடுத்தார், ரெண்டு தடவை பார்க்கவில்லை, ஒரு தடவையும் பார்க்கவில்லை. பறக்கவிடும் முன் பார்க்க வேண்டியவை என்று அவரே எழுதிய பட்டியலில் ஏழாவது அதுதான், ரிமோட்டை அணைத்து மோட்டார் நிற்கிறதா என்று சோதிப்பது. அன்று காலை வீட்டிலேயே ஏழுக்கும் டிக் போட்டுவிட்டு வந்திருந்தார். பழைய ரிசீவருக்கு.

ட்ரோனை எட்டு மாதமாக ஏன் திறந்து பார்க்கவில்லை? யார் வீட்டு மிக்ஸி புகைந்தாலும் அன்றைக்கே பிரித்துப்போட்டுக் காரணம் கண்டுபிடிக்கிற ஆள், சொந்த மாப்பிள்ளையின் விரலை எடுத்த யந்திரத்தை மட்டும் ரத்தத்தைக்கூடத் துடைக்காமல் பரணில் ஏன் போட்டான்? மனசு தாளவில்லை, அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்று எல்லாரிடமும் சொன்னார். வசந்தாமணி கண் கலங்கினாள். அப்போதே எங்கோ தெரிந்திருந்ததா? தெரியவில்லை. தெரியவில்லை என்று சத்தியம் பண்ணலாம், ஆனால் ரிமோட்டை ஆஃப் பண்ணிட்டா போனீங்க என்று அவ்வளவு வேகமாகக் கேட்க வந்ததே, ரத்தம் சொட்டிக்கொண்டிருக்கும்போது, வேறு எந்தக் கேள்வியும் அதற்கு முன்னால் வந்துவிடக் கூடாது என்கிற மாதிரி. சரி, சொல்லிவிடுவது. வந்ததும் உட்காரவைத்து, மாப்பிள்ளை, தப்பு உங்களுடையது இல்லை, இதோ பாருங்கள் என்று ரிமோட்டை அணைத்துக் காட்டிவிடுவது. கோகிலவாணி பார்ப்பாள். இருபது வருஷமாக அண்ணன் சொன்னால் சரியாக இருக்கும் என்று வாழ்ந்தவள் எந்தக் கண்ணால் பார்ப்பாள்? பட்டறை முதலாளிக்கு மறுபடி போன் பண்ண வேண்டும். கிளப்பில் மறுபடி பேச வேண்டும், நம்மில் ஒருத்தர் என்று. அணைத்தது அவர்தானே, அது பொய்யில்லையே, விதியை மீறியது மீறியதுதானே. ஆனால் விதியை மீறுகிறவனைக் காப்பாற்றத்தானே அந்த ஏழாவது சோதனையே இருக்கிறது. அது தெரியாதவனாக இருந்தால் இப்போது எவ்வளவு நன்றாக இருக்கும். ஊரில் பாதிப் பேர் தெரியாமல் நிம்மதியாக இருக்கிறார்கள்.

வாசலில் வண்டி வந்து நின்றது. கோகிலவாணி ஓட்டிக்கொண்டு வருகிறாள், இப்போதெல்லாம் அவள்தான் ஓட்டுகிறாள், அவர் பின்னால் உட்கார்ந்து வருகிறார். ஸ்டேண்ட் போடுகிற சத்தம் கேட்டது. மருதாசலத்தின் கை தானாக வேலை செய்தது. எப்படியும் சரி பண்ணித்தானே ஆக வேண்டும், இதை இப்படியே சென்னியப்பன் கையில் கொடுக்க முடியுமா, பாதுகாப்பு இல்லையா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், அதை அவரே நம்பவில்லை. பைண்டு பட்டனை அழுத்தினார். பேட்டரியை மாட்டினார். குச்சியை அடிமட்டத்துக்கு இறக்கி, இம்முறை கண்ணால் ரெண்டு தடவை பார்த்துவிட்டு, ரிமோட்டைப் போட்டார். விளக்கு மினுக்கி மினுக்கி நின்றது. எட்டு மாதமாக ரிசீவர் மனப்பாடமாக வைத்திருந்த ஒரே சாட்சி அழிந்துபோயிற்று, வசந்தாமணி வாங்க வாங்க என்று சொல்லி முடிப்பதற்குள்.

சென்னியப்பன் நேராக இந்த அறைக்குத்தான் வந்தார். பின்னாலேயே வந்த கோகிலவாணி கதவில் சாய்ந்து நின்று புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டாள். என்ன கோளாறு என்று அவர் கேட்டார், ஒரு ஒயர் லூசு, கரண்ட் வந்ததும் பற்றவைத்துவிடலாம் என்று மருதாசலம் சொன்னார். தொட்டுப் பார்க்கட்டுமா என்றார் சென்னியப்பன். றெக்கை இல்லை என்பதை ஒவ்வொரு மோட்டாராகப் பார்த்துக்கொண்டு, இடது கையில் ரிமோட்டை எடுத்து, வலது கையின் மடங்காத விரலை ஓரமாக ஒதுக்கிவிட்டு, மெல்லக் குச்சியை ஏற்றி இறக்கினார். மோட்டார்கள் ஓடி நின்றன. அவர் நெற்றியில் வேர்த்துவிட்டது. அப்புறம் யாரும் எதிர்பாராமல் நாலடி பின்னால் போய்ச் சுவரோடு நின்றுகொண்டு ரிமோட்டை அணைத்தார். கோகிலவாணி மூச்சை இழுத்துப்பிடித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி போட்டு மறுபடி அணைத்தார். பத்து வரைக்கும் எண்ணியிருப்பார், உதடு அசைந்தது.

"இப்ப சுத்தலீங்களே மச்சான். அன்னிக்கு மட்டும் ஏனுங்க சுத்துச்சு?"

காயில் சுற்றுகிறவர், எட்டு மாதமாக எடைத்தட்டின் முன்னால் உட்கார்ந்து இதையேதான் யோசித்திருக்கிறார் போல. மருதாசலம் அவர் முகத்தைப் பார்த்தார். அதில் குற்றம் சாட்டுவது எதுவும் இல்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்பது மட்டும்தான் இருந்தது. அதைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

"அது என் தப்புங்க மாப்ள. ரிசீவர் மாத்தினப்ப குச்சி நடுவுல இருந்துச்சு, நான்தான் வச்சிருந்தேன். கீழ இருந்திருந்தா நீங்க அணைச்சிருந்தாலும் சுத்தியிருக்காது."

சொல்லிவிட்டார். சென்னியப்பன் ட்ரோனைப் பார்த்தார், ரிமோட்டைப் பார்த்தார், சுற்றாமல் கிடக்கும் மோட்டார்களைப் பார்த்தார். கோகிலவாணிதான் முதலில் பேசினாள்.

"விடுங்ணா. இவுருக்கு மனசு ஆறோணும்னு நீங்க எதுக்குப் பழிய உங்க தலையில போட்டுக்கறீங்க? அதான் கண்ணு முன்னால பாத்தமே, அணைச்சா நிக்குது."

மருதாசலம் மேஜைமேல் கையை ஊன்றினார். சென்னியப்பன் ரிமோட்டை மேஜைமேல் பத்திரமாக வைத்துவிட்டு, அவர் தோளைத் தொட்டார்.

"எனக்கோசரம் பொய் சொல்லாதீங்க மச்சான். அணைச்சது நான்தானுங்களே."

காட்டிவிடலாம். பட்டனை அழுத்தி, குச்சியை நடுவில் வைத்து, மறுபடி ஜோடி சேர்த்து அணைத்தால், ரெண்டே நிமிஷ வேலை, இருவரும் கண்ணால் பார்த்துவிடுவார்கள். அப்புறம் யாரும் யாரையும் நம்ப வேண்டிய அவசியமே இல்லை. கை மேஜைமேல்தான் இருந்தது, பட்டன் விரலுக்கு அரை சாண் தூரத்தில் இருந்தது. உண்மையைச் சொல்லியாயிற்று, நம்பாதது அவர்கள் பாடு என்று ஒரு எண்ணம் எங்கிருந்தோ வந்து மெல்ல உட்கார்ந்தது, அதைத் துரத்த வேண்டும் என்று தெரிந்தும் அவர் துரத்தவில்லை. வசந்தாமணி சோறு ஆறுகிறது என்று கூப்பிட்டாள். மருதாசலம் பேட்டரியைக் கழற்றினார், அதற்கப்புறம்தான் ரிமோட்டை எடுத்து மூடிவைத்தார், விதிப்படி. வாங்க, சாப்பிடலாம் என்றார். சாப்பாட்டு மேஜையில் கோகிலவாணி அவர் தட்டில் முதலில் நெய்யை ஊற்றினாள். எங்கண்ணன் மாதிரி மனுஷன் யாருக்குக் கிடைப்பாங்க என்று வசந்தாமணியிடம் சொன்னாள். இடது கையால் ஸ்பூனைப் பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த சென்னியப்பன் நிமிர்ந்து, ஆமாம் என்று தலையாட்டினார். மருதாசலம் நெய்யைச் சோற்றோடு பிசைய ஆரம்பித்தார்.